நாய்க்குச் சமைக்கலாம், முட்டை ஓட்டை எறியாமல் இருந்தால்

நீங்கள் கேட்டது ஒரு ரெசிப்பி. திருகோணமலை உவர்மலையில் வீடு, மூன்று வயது ஊர் நாய், கருத்தடை செய்த ஆண், 15 கிலோ. பக்கற்றில் வரும் உலர் உணவின் விலை கட்டுப்படியாகவில்லை. அம்மா சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து வைக்கிறா, அதையே அவன் விரும்பிச் சாப்பிடுகிறான், "எங்கட காலத்தில நாய்க்கு ஆர் பக்கற் வாங்கினது" என்று அம்மா சொல்கிறா. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் "சத்தாகச் சமைக்க ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. பக்கற்றை அடியோடு நிறுத்திவிடலாமா? அம்மா வைக்கிற சாப்பாடு அவனுக்குக் கெடுதியா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் ரெசிப்பி தருவதில் பயன் இல்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்து, திருகோணமலை மாவட்டத்தில் பல வருடம் மிருக வைத்தியராக இருந்தவன். பகலில் மாடும் ஆடும், பின்னேரங்களில் வீட்டு வாசலுக்கு வந்த நாய்களும் பூனைகளும். உணவியல் நிபுணன் இல்லை. ஆகவே கீழே நான் உறுதியாகச் சொல்வதை உறுதி என்றே எடுங்கள், "எனக்குத் தோன்றுகிறது" என்று சொல்வதை அந்த அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவின் பக்கம். நாய் மாமிசப் பிராணி, அதற்குச் சோறு செமிக்காது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் தலைமையில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, மாப்பொருளைச் செமிக்க வைக்கும் நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகளாக இருக்க, நாயில் நான்கு முதல் முப்பது வரை இருப்பதைக் காட்டியது. மனிதனின் அடுப்பங்கரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்ததில் அதன் குடலே மாறிவிட்டது. நன்றாக வேகவைத்த சோறு நாய்க்கு நல்ல எரிபொருள். குத்தரிசியோ, பச்சையரிசியோ, கடையில் மலிவாகக் கிடைக்கும் குறுணலோ, எதுவானாலும் பரவாயில்லை, குழைய வெந்திருந்தால் போதும்.

அம்மா பிழைவிடும் இடம் குழம்பு. நம் வீட்டுக் குழம்பு எதுவும் வெங்காயமும் உள்ளியும் (வெள்ளைப்பூண்டும்) இல்லாமல் தொடங்குவதில்லை. இரண்டுமே நாயின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை. வேகவைத்தாலும், காயவைத்தாலும், தூளாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே தடவையில் உள்ளே போனால் ஆபத்து என்பது பாடநூல் கணக்கு. உங்கள் நாய்க்கு அது 75 கிராம், அதாவது ஒரு நடுத்தரப் பெரிய வெங்காயம். ஒரு அகப்பைக் குழம்பில் அவ்வளவு இராது என்பீர்கள். சரிதான், ஆனால் தினமும் சிறிது சிறிதாகக் கொடுத்தாலும் சேதம் சேரும். விளைவும் அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலுக்கும் இதே அறிகுறிதான். ஈறு வெளுத்த நாயைக் கண்டால் நாங்கள் முதலில் உண்ணியைத்தான் தேடுவோம். நானே ஒரு தடவை இரண்டு கிழமை உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவிட்டு, பிறகுதான் அந்த வீட்டில் நாய்க்கு ஒவ்வொரு நாளும் வெங்காயச் சம்பல் பிசைந்த சோறு போவதைக் கேட்டு அறிந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போது ஈறு வெளுத்த நாய் வந்தால் என்ன சாப்பிடுகிறது என்பதையே முதலில் கேட்கிறேன்.

ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள்: சோறும் மீனும் நல்லது, தாளிப்பதற்கு முன்பே அவனுடைய பங்கை எடுத்துவிடுங்கள். மிளகாய் நாயைக் கொல்லாது, ஆனால் அவனுக்கு அது எதற்கு? புளி நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், அது வேண்டாம். தேங்காய்ப்பால் கொஞ்சம் பட்டால் பயமில்லை, ஆனால் கொழுப்பு நிறைந்த முதற்பால் குழம்பைத் தாராளமாகக் கொடுத்தால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும். அது வலியும் ஆபத்தும் உள்ள நோய்.

இனிப் பக்கற்றை நிறுத்தும் கதை. வெங்காயம் இல்லாத சோறும் இறைச்சியும் பார்வைக்கு முழுச் சாப்பாடு போலத் தெரியும். நாய் கொழுக்கும், மயிரும் மினுங்கும். குறை உள்ளே இருக்கும். இதை நான் படித்துத் தெரிந்ததைவிட அடிபட்டுத் தெரிந்ததுதான் அதிகம். 2003இல், போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம், எங்கள் வீட்டில் ஒரு கலப்பினக் குட்டி வளர்ந்தது. மிருக வைத்தியர் வீட்டு நாய் என்ற பெருமையில் தினமும் எலும்பில்லாத இறைச்சியும் சோறும். ஐந்து மாதத்தில் விறாந்தைப் படியிலிருந்து குதித்ததில் பின்னங்கால் முறிந்தது. பேராதனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு எது, தசை எது என்று பிரித்துப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, அவ்வளவு வெளிறிய எலும்பு. எனக்குச் சொல்லித்தந்த பாடம், என் வீட்டு முற்றத்தில் நொண்டிக்கொண்டு நின்றது.

நடந்தது இதுதான். இறைச்சியிலும் சோற்றிலும் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. நாய்க்கு இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ, கல்சியம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ வேண்டும், இரண்டு மடங்கைத் தாண்டாமல். உணவில் கல்சியம் வராவிட்டால் இரத்தத்தில் அதன் அளவு இறங்கப் பார்க்கும். உடனே கழுத்தில் இருக்கும் சிறு சுரப்பிகள் விழித்து, எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை செய்தால் கல்சியம் பெரும்பாலும் சரியாகவே வரும், வீட்டுக்காரரும் நிம்மதியாகப் போவார். எலும்பு மட்டும் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். குட்டிகளில் இது மாதங்களில் தெரியும். வளர்ந்த நாயில் வருடக் கணக்கில் மறைந்திருக்கும். உங்கள் நாய் மூன்று வயது என்பதால் அவசரம் இல்லை, ஆனால் அலட்சியமும் வேண்டாம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2013இல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். 190இல் ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்தது. அவற்றில் பெரும்பாலானவை மிருக வைத்தியர்களே எழுதியவை! ஆகவே நான் கீழே எழுதுவதையும் அதே சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

சரி, சட்டிக்கு வருவோம். 15 கிலோ நாய்க்கு, வீட்டோடு இருந்து பின்னேரம் ஒரு சுற்று நடப்பவன் என்றால், நாளுக்கு 700 முதல் 850 கிலோ கலோரி தேவைப்படும். அதற்கு நான் சொல்வது: வெந்த சோறு 250 கிராம், அது ஒன்றரைக் கோப்பை அளவு. அவித்து எலும்பெடுத்த கோழி இறைச்சி 150 கிராம். ஒரு முட்டை, அவித்தது. பூசணியும் கரட்டும் சேர்த்து 100 கிராம், மசிய அவித்து. கோழி ஈரல் ஒரு துண்டு, 15 முதல் 20 கிராம், அதற்கு மேல் வேண்டாம், ஏனென்றால் ஈரலில் விற்றமின் ஏ நிறைய, அது உடம்பில் தேங்கும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். அயடீன் சேர்த்த உப்பு ஒரு சிட்டிகை. இது மொத்தம் 750 கிலோ கலோரி அளவில் வரும், காலையும் மாலையும் பாதி பாதியாகக் கொடுக்கலாம்.

நல்லெண்ணெய் என்று ஏன் குறிப்பாகச் சொன்னேன் என்றால், நாய்க்கு லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு கட்டாயம் வேண்டும், தோலும் மயிரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. தேங்காயெண்ணெயில் அது நூற்றுக்கு இரண்டு பங்குதான். நல்லெண்ணெயில் நாற்பது பங்குக்குக் கிட்ட. "நாய்க்குத் தேங்காயெண்ணெய் ஊற்றுகிறேன், இன்னும் மயிர் கொட்டுகிறது" என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். மேலே பூசுவதோ உள்ளே கொடுப்பதோ தப்பில்லை, ஆனால் இந்தத் தேவையை அது நிரப்பாது.

இப்போது முக்கியமானது. மேலே சொன்ன சட்டியில் பொஸ்பரஸ் ஏறக்குறைய 600 மில்லிகிராம் இருக்கும், கல்சியம் 100 மில்லிகிராம்தான் தேறும். தேவையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அது! இதை நிரப்பச் செலவில்லாத வழி முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, ஐந்து பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மா போல அரைத்துப் போத்தலில் போட்டு வையுங்கள். கையில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. ஒரு தேக்கரண்டித் தூளில் 2 கிராம் அளவு கல்சியம் இருக்கும். அவனுக்கு நாளுக்கு அரைத் தேக்கரண்டி. தினமும் ஒரு முட்டை கொடுப்பதால் ஓட்டுக்குப் பஞ்சம் வராது. ஒரு வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று கேட்டார்கள். கேள்வியில் புத்தி இருக்கிறது, ஆனால் கூடாது, அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும். கடற்கரையில் பொறுக்கும் கணவாய் ஓடும் முட்டை ஓடு போலக் கல்சியம் காபனேற்றுத்தான், ஆனால் அடுப்படியிலேயே சுத்தமானது இருக்கும்போது மணலும் உப்பும் எதற்கு?

மீனைப் பற்றிச் சொல்லாமல் திருகோணமலையில் பதிலை முடிக்க முடியாது. கிழமையில் இரண்டு மூன்று நாள் கோழிக்குப் பதில் மீன் கொடுங்கள். சூடை, சாளை, கீரி போன்ற சின்ன மீன்கள் விலையிலும் நல்லது, சத்திலும் நல்லது. இதில் பலர் அறியாத ஒன்று இருக்கிறது: வெயிலில் நின்றால் நமக்கு விற்றமின் டி கிடைப்பது போல நாய்க்குக் கிடைக்காது. அதன் தோலில் அந்த வேலை சரிவர நடப்பதில்லை, சாப்பாட்டில்தான் வர வேண்டும். நம் வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எண்ணெய் மீன் அதைக் கொடுக்கும், கூடவே அயடீனும் வரும். சின்ன மீனைப் பிரஷர் குக்கரில் முள் கையில் நசியும் வரை அவித்தால் முள்ளோடு கொடுக்கலாம், அன்றைக்கு ஓட்டுத்தூளைப் பாதியாக்குங்கள். பாரை, அறக்குளா போன்ற பெரிய மீனின் முள் வேண்டாம். பச்சை மீன் எந்த மீனானாலும் வேண்டாம், சில இனங்களில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு, அவித்தால் அது போய்விடும். கருவாடும் நெத்தலியும் உப்புக் களஞ்சியம், ஊறவைத்துக் கழுவினால் ஒரு துண்டு வாசத்துக்குப் போடலாம், அவ்வளவுதான். நாய் திருக்கடலூர்ப் பக்கம் கரையில் அலைபவன் என்றால் வலையிலிருந்து எறியும் பேத்தை மீனைக் கவனியுங்கள், அதன் நஞ்சு அவித்தாலும் போகாது.

இவ்வளவும் செய்தாலும் சட்டி நிறையவில்லை, அதை மறைக்க மாட்டேன். நான் சொன்ன கணக்கில் நாகச் சத்து (சிங்க்) தேவையில் பாதிகூட வராது. விற்றமின் ஈயும் குறையும், மீன் இல்லாத நாட்களில் அயடீனும் குறையும். மாட்டிறைச்சியில் நாகம் கோழியைவிட நன்றாகவே உண்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வீடுகளில் அது எளிது, உங்கள் வீட்டில் பழக்கம் இல்லை என்றால் அதற்காக அம்மாவோடு சண்டை வேண்டாம். நாய்களுக்கென்றே வரும் விற்றமின், கனியுப்புத் தூள் ஒன்றை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்கிச் சேர்ப்பது ஒரு வழி. அதில் ஏற்கனவே கல்சியம் இருந்தால் ஓட்டுத்தூளைக் குறைக்க வேண்டும், லேபிளைக் காட்டிக் கேளுங்கள். பாமசியில் மனிதருக்கு விற்கும் விற்றமின் குளிசையைக் கண்டபடி கொடுக்காதீர்கள். சப்பித் தின்னும் வகைகளில் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கலாம், அது நாயின் இரத்தச் சர்க்கரையை ஒரேயடியாக விழுத்தி ஈரலையும் கெடுக்கும்.

இன்னொரு வழிதான் எனக்கு அதிகம் பிடித்தது, பெரும்பாலான வீடுகளுக்கு அதையே சொல்கிறேன். பக்கற்றை முழுதாக விடாமல் பாதியாக்குங்கள். காலையில் உலர் உணவு 100 கிராம், மாலையில் மேலே சொன்ன சட்டியின் பாதி, ஓட்டுத்தூள் கால் தேக்கரண்டி. செலவு பாதியாகும், உலர் உணவில் இருக்கும் நுண்சத்துகள் வீட்டுச் சாப்பாட்டின் ஓட்டைகளை ஓரளவு அடைக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் பக்கற் விலை ஏறியபோது இப்படி மாறிய பல நாய்களைப் பிறகும் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருந்தன. ஆனால் இது என் கண் கண்ட சாட்சி, ஆய்வு இல்லை.

சந்தேகத்தில் இருப்பவை சில. பருப்பு, பயறு அதிகம் சேர்ந்த தானியமில்லா உணவுகளுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது, காரணம் இதுதான் என்று இன்னும் உறுதியாகவில்லை. கிழமையில் ஒரு நாள் அவித்த பயறு போட்டால் நான் கவலைப்பட மாட்டேன், இறைச்சியை நிறுத்தி முழுக்கப் பருப்பில் ஓட்டுவதை ஆதரிக்கவும் மாட்டேன். மஞ்சள் சிட்டிகை போட்டால் கெடுதி இல்லை, பெரிய நன்மை வரும் என்றும் நம்பவில்லை. கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிர் ஒரு கரண்டி, சீனி போடாமல், பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், பாலைவிட நல்லது. உண்ணிக்கு உள்ளி கொடுப்பது மட்டும் சந்தேகத்தில் இல்லை. அது உண்ணியை விரட்டாது, இரத்தத்தைக் கெடுக்கும். பச்சை இறைச்சி கொடுப்பதைப் பற்றி வெளிநாட்டில் எவ்வளவோ எழுதுகிறார்கள். நம் வெயிலில், ஐஸ் இல்லாமல் சந்தையில் கிடந்த இறைச்சிக்கு அந்த வாதம் எதுவும் பொருந்தாது என்பது என் முடிவு.

வெங்காயத்தைத் தவிர வேண்டாதவை: முந்திரிகைப் பழமும் (திராட்சை) உலர்ந்த முந்திரிகை வற்றலும், அதாவது பாயாசத்திலும் நத்தார்க் கேக்கிலும் வருபவை, சொக்லேட், அவித்த அல்லது பொரித்த கோழி எலும்பு. ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி எலும்பு குடலில் குத்திய நாய்கள் திங்கட்கிழமை வாசலுக்கு வரும். விருந்தாளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சமைத்ததை வெளியே வைக்காதீர்கள். சோற்றில் வளரும் ஒரு பக்டீரியாவின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மூன்று நாளுக்குச் சமைத்து, பங்கு பிரித்துப் பிரிட்ஜில் வைத்து, வேளைக்கு ஒன்றாக எடுங்கள். அரை மணித்தியாலத்தில் சாப்பிடாவிட்டால் கோப்பையைத் தூக்கிவிடுங்கள். அந்த வெயிலில் அவன் குறைவாகச் சாப்பிடுவது இயல்பு, தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. புதுச் சாப்பாட்டுக்கு ஒரு கிழமை எடுத்து, பழையதில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

இந்த அளவுகள் நல்ல சுகத்தோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு மட்டும். குட்டி, சினைப்பட்ட நாய், சிறுநீரகமோ ஈரலோ கணையமோ கெட்ட நாய், சிறுநீர்க் கல் வந்த நாய், இவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். குட்டிக்கு, அதிலும் லாப்ரடோர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களுக்கு, கல்சியம் கூடினாலும் எலும்பு கோணும். குட்டியை நேரில் பார்க்கும் மிருக வைத்தியரிடம்தான் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும்.

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். முதலில் நீங்கள் மட்டும் தராசில் ஏறுங்கள், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசம் அவனுடைய எடை. விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. 16 கிலோவைத் தாண்டினால் சோற்றை மட்டும் 50 கிராம் குறையுங்கள், இறைச்சியையும் ஓட்டுத்தூளையும் குறைக்காதீர்கள். ஈறு வெளுத்தாலோ, படியேறத் தயங்கினாலோ, ஒரு நாளுக்கு மேல் சாப்பாட்டைத் தொடாவிட்டாலோ சட்டியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். போகும்போது கடந்த ஒரு கிழமை அவன் என்னென்ன சாப்பிட்டான் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள், அம்மா இரகசியமாக வைத்ததையும் சேர்த்து.